பழைய கம்ப்யூட்டர்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ந் தேதி. அன்று எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடவில்லை. எந்தத் திரையும் இருண்டு போகவில்லை. முதல் நாள் ஓடியதுபோலவே மறுநாளும் ஓடின.

ஆனாலும், அந்தத் தேதிக்குப் பிறகு உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே கேள்வி எழுந்தது.

"இந்தக் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளலாமா? மாற்றிவிட வேண்டுமா?"

காரணம் இதுதான். "விண்டோஸ் 10" என்ற இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் பத்து ஆண்டுகளாகச் செய்துவந்த பராமரிப்பு அன்றோடு முடிந்தது. அந்த இயங்குதளம் பிறந்தது 2015-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி.

இயங்குதளம் என்றால் என்ன? கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருப்பவை வெறும் உறுப்புகள். அவை தாமாக வேலை செய்யா. ஒவ்வோர் உறுப்புக்கும் வேலை கொடுத்து, மேற்பார்வை பார்க்க ஒருவர் வேண்டும். மில்லில் மேஸ்திரி இருப்பது போல! கம்ப்யூட்டருக்குள் அந்த மேஸ்திரிதான் இயங்குதளம்.

மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது என்பதற்காக மில்லையே இடித்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அதற்காகக் கவலைப்படாமல் இருந்துவிடலாமா? அதுவும் கூடாது.

பூட்டு பழுதானால்...

பராமரிப்பு என்பது என்ன? இயங்குதளம் என்பது பல லட்சம் வரிகள் எழுதிச் செய்த புரோகிராம். அதில் எங்காவது ஓர் ஓட்டை இருக்கத்தான் செய்யும். திருடர்கள் அந்த ஓட்டையைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கண்டுபிடித்தால் உள்ளே நுழைகிறார்கள். நிறுவனமும் தேடுகிறது. கண்டுபிடித்தால் அடைக்கிறது. மாதந்தோறும் இணையம் வழியாக வந்து சேரும் "அப்டேட்" பெரும்பாலும் இந்த அடைப்பு வேலைதான்.

அது நின்றுவிட்டால் புதிதாகக் கண்டுபிடிக்கும் ஓட்டைகள் திறந்தே கிடக்கும்.

ஓட்டை திறந்து கிடந்தால் என்ன ஆகும்? 2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி உலகம் அதைப் பார்த்தது. அன்று வெள்ளிக்கிழமை. "வான்னா கிரை" என்ற கெட்ட புரோகிராம் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. புகுந்த இடத்தில் இருந்த படம், கடிதம், கணக்கு எல்லாவற்றையும் பூட்டியது. "300 டாலர் கொடுத்தால்தான் சாவி" என்று திரையில் எழுதிக் காட்டியது.

சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அகப்பட்டன. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளே தடுமாறின. நோயாளிகளின் ஆபரேஷன்கள் தள்ளிவைக்கப்பட்டன.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியாகிவிட்டது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அவர்களுக்காவது மருந்து இருந்தது, சாப்பிடவில்லை. பராமரிப்பு முடிந்த இயங்குதளத்துக்கு மருந்தே வராது. இதுதான் வித்தியாசம்.

"வைரஸ் தடுப்புப் புரோகிராம் இருக்கிறதே, போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. அது வாசலில் நிற்கும் காவல்காரன். பின்சுவரில் ஓட்டை இருந்தால் வாசல் காவல்காரன் என்ன செய்வான்?

பாங்குக் கணக்கு, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் மார்க்கு சர்டிபிகேட், கல்யாணப் படங்கள் எல்லாம் இன்று கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. ஆகவே இது விளையாட்டு அல்ல.

இரண்டு வியாதிகள்

வீட்டில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"அப்பா, கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது. புதுசு வாங்குங்கள்" என்பான் மகன்.

"ஓடிக்கொண்டுதானேடா இருக்கிறது? காசு என்ன மரத்திலா காய்க்கிறது?" என்பாள் தாய்.

இருவர் சொல்வதும் நியாயம். ஆனால், இருவரும் பேசுவது வேறு வேறு வியாதியைப் பற்றி. கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பது ஒரு வியாதி. அது உறுப்புகளைப் பற்றியது. இயங்குதளத்தின் ஆயுள் முடிந்தது இன்னொரு வியாதி. அது பாதுகாப்பைப் பற்றியது. மெதுவாக ஓடும் கம்ப்யூட்டரில் புதிய இயங்குதளம் ஏறலாம். வேகமாக ஓடும் கம்ப்யூட்டரில் ஏறாமல் போகலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் வீண் செலவு செய்கிறார்கள்.

எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெதுவாக ஓடுவது ஏன்?

வைத்தியர் நாடி பார்ப்பது போலக் கம்ப்யூட்டரின் நாடியை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பித்தான்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். "டாஸ்க் மானேஜர்" என்ற பலகை தோன்றும். அதில் "மெமரி", "டிஸ்க்" என்ற இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும்.

சிறிய வேலை கொடுத்தாலும் "டிஸ்க்" என்ற இடம் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? கோளாறு பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும்.

"மெமரி" 90 சதவீதத்தைத் தாண்டியே நிற்கிறதா? ரேம் போதவில்லை.

ஹார்டு டிஸ்க் என்பது கிராமபோன் தட்டு மாதிரி சுழலும் தட்டு. அதன்மேல் ஒரு முள் போன்ற கை அங்கும் இங்கும் ஓடி, எழுதியதைப் படிக்கிறது. உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பெனி 1956-ம் ஆண்டு வெளியிட்டது. அதில் 24 அங்குல அகலமுள்ள தட்டுகள் 50 இருந்தன. ஒரு டன் எடை! அதில் அடங்கியது சுமார் 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது சரியாகப் போய்விடும்.

தட்டு சிறியதாகிவிட்டது, முறை மட்டும் மாறவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், வேண்டிய இடம் வரும்வரை கை காத்திருக்கத்தான் வேண்டும்.

இதற்கு மாற்று "எஸ்.எஸ்.டி.". இதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எல்லாம் மின்சாரத்தில் நடக்கிறது. அலமாரியில் பெயர் ஒட்டிய டப்பாக்கள் மாதிரி, வேண்டியதை நேராக எடுத்துவிடலாம். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்த முடியும். இரண்டு மூன்று நிமிஷம் எடுத்துத் திறந்த கம்ப்யூட்டர் அரை நிமிஷத்துக்குள் திறப்பது சாதாரணம். பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யும் செலவுகளில் மிகுந்த பலன் தருவது இதுதான்.

அடுத்தது ரேம். இது சமையல்கட்டு மேடை போன்றது. மேடை சிறியதாக இருந்தால் காய் நறுக்கும்போது மாவு பிசைய இடம் இருக்காது. 4 ஜி.பி. ரேம் இன்று குறுகிய மேடை. வீட்டு உபயோகத்துக்கு 8 ஜி.பி. இருந்தால் நிம்மதி. ஆனால், எல்லா ரேமும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தாது. "டி.டி.ஆர்.3" வகை போகும் இடத்தில் "டி.டி.ஆர்.4" நுழையாது. சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேமை உள்ளேயே பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் மாற்ற வழியில்லை.

காசு செலவாகாத வைத்தியமும் ஒன்று உண்டு. அது தூசி துடைப்பது! உள்ளே இருக்கும் விசிறியில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. சூடு ஏறினால், கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் துடைத்ததுமே பிழைத்துக்கொண்ட கம்ப்யூட்டர்கள் ஏராளம்.

புதிய விண்டோஸ் ஏறுமா?

இனி இரண்டாவது வியாதிக்கு வருவோம். விண்டோஸ் 10-க்கு அடுத்தது விண்டோஸ் 11. இது 2021-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி வெளிவந்தது. முறையாக விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதற்கு மாறக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், கம்ப்யூட்டருக்குத் தகுதி வேண்டும்.

குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும். 64 ஜி.பி. சேமிப்பிடம் வேண்டும். "டி.பி.எம். 2.0" என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ரகசியச் சாவிகளைப் பூட்டிவைக்கும் சிறு பெட்டி அது. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்ப்யூட்டரின் மூளையான "பிராசசர்" ஓரளவு புதியதாக இருக்க வேண்டும்.

புதியதா, பழையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "செட்டிங்ஸ்" திறந்து, "சிஸ்டம்" என்பதற்குள் "அபவுட்" என்ற இடத்துக்குப் போனால் பிராசசரின் பெயர் இருக்கும். இன்டெல் கம்பெனியின் "ஐ3", "ஐ5", "ஐ7" வகையாக இருந்தால் சிறு கோட்டுக்கு அடுத்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ5-7200 என்றால் 7-வது தலைமுறை. ஐ5-8250 என்றால் 8-வது தலைமுறை. அந்த எண் 1 என்ற இலக்கத்தில் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐ5-10210 என்றால் 10-வது தலைமுறை.

8-வது தலைமுறை முதல் விண்டோஸ் 11 ஏறும். அதற்கு முந்தியவற்றில், மிகச் சில நீங்கலாக, ஏறாது. 8-வது தலைமுறை சந்தைக்கு வந்தது 2017-ம் ஆண்டு. ஏ.எம்.டி. கம்பெனியின் பிராசசர் என்றால் "ரைசன்" 2000 வரிசை முதல் பெரும்பாலானவற்றில் ஏறும். எண் பார்க்கத் தெரியாதவர்களுக்காக மைக்ரோசாப்டே "பி.சி. ஹெல்த் செக்" என்ற இலவசப் புரோகிராமைக் கொடுத்திருக்கிறது. அதை ஓட்டினால் தகுதி உண்டா, இல்லையா என்று சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. "டி.பி.எம். இல்லை" என்று பதில் வந்தவுடன் மனம் தளர வேண்டாம். பல கம்ப்யூட்டர்களில் அந்த வசதி உள்ளே இருக்கும், திறந்துவிடாமல் மூடிவைத்திருப்பார்கள். ரிப்பேர் தெரிந்தவர் ஐந்து நிமிஷத்தில் திறந்துவிடுவார்.

இன்னொரு எச்சரிக்கை. தகுதி இல்லாத கம்ப்யூட்டரிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிட முடியும். அப்படிச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். அதை மைக்ரோசாப்ட் ஆதரிக்கவில்லை. அப்டேட் தொடர்ந்து வரும் என்று உறுதியும் அளிக்கவில்லை. பாதுகாப்பை நாடித்தானே மாறுகிறோம்? அதற்கே உத்தரவாதம் இல்லையென்றால் என்ன பயன்?

ஏறாவிட்டால் என்ன செய்வது?

வழி இருக்கிறது. ஒன்றல்ல, பல.

முதல் வழி, தவணை வாங்குவது. பராமரிப்பு முடிவதற்கு முன்பே மைக்ரோசாப்ட் ஒரு சலுகையும் அறிவித்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் 2026-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி வரை தருவதாகச் சொன்னது. இதற்கு 30 டாலர் கட்டலாம். அல்லது கம்ப்யூட்டர் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்துக்கொண்டு காசில்லாமலே பெறலாம். இது யோசிக்கக் கிடைத்த அவகாசம்தான். நிரந்தரத் தீர்வு அல்ல.

இரண்டாவது வழி, மேஸ்திரியை மாற்றுவது. விண்டோஸ் ஒன்றுதான் இயங்குதளம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1991-ம் ஆண்டு பின்லாந்தில், ஹெல்சிங்கி நகரப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரு புரோகிராம் எழுதி, எல்லாருக்கும் இனாமாகக் கொடுத்தார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். அதுதான் "லினக்ஸ்". பிறகு பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். இந்திய அரசின் சி-டாக் நிறுவனமும் "பாஸ்" என்ற பெயரில் ஒரு லினக்ஸ் வெளியிட்டிருக்கிறது.

பழைய கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடிய லினக்ஸ் வகைகள் உண்டு. "லினக்ஸ் மின்ட்" என்ற வகை, விண்டோஸ் பழகியவர்களுக்குச் சுலபமாக இருக்கும். பணம் கட்ட வேண்டாம். அப்டேட் வரும். தமிழில் எழுதலாம், படிக்கலாம். இணையம் பார்ப்பது, பாங்குக் கணக்கு, கடிதம் எழுதுவது, பாட்டு, சினிமா எல்லாம் நடக்கும். கம்ப்யூட்டரில் பதிக்காமலே, ஒரு பென் டிரைவில் வைத்து ஓட்டிப் பார்க்கவும் முடியும். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிடலாம்.

குறையே இல்லையா? உண்டு. விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்குப் புரோகிராம்கள் பல அதில் ஓடா. சில பிரிண்டர்களும் முரண்டு பிடிக்கும். அவற்றை நம்பித் தொழில் செய்பவர்கள் யோசித்துத்தான் மாற வேண்டும்.

மூன்றாவது வழி, இணையத்தைத் துண்டித்துவிட்டு உபயோகிப்பது. பிள்ளைகள் டைப் அடித்துப் பழகலாம். பாட்டுக் கேட்கலாம். பாங்கு வேலையை மட்டும் அதில் செய்யக் கூடாது.

2011-ம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினிகள் வழங்கியது. தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 11 ஏற வழியில்லை. அவை இன்னும் உயிரோடு இருந்தால், இந்த இரண்டாவது, மூன்றாவது வழிகள் அவற்றுக்குப் பொருந்தும்.

மூன்று வீடுகள்

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும்.

ஒரு வீட்டில் 2019-ம் ஆண்டு வாங்கிய கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8-வது தலைமுறை பிராசசர், 4 ஜி.பி. ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். இதைத் தூக்கி எறிவது பாவம். எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஜி.பி. ஆக்கி, விண்டோஸ் 11-க்கு மாறினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

இன்னொரு வீட்டில் 2014-ம் ஆண்டு வாங்கியது. 4-வது தலைமுறை. உடம்பு நன்றாக இருக்கிறது. வேலை, இணையம் பார்ப்பதும் கடிதம் எழுதுவதும்தான். எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸுக்கு மாறலாம்.

மூன்றாவது வீட்டில் 2010-ம் ஆண்டு வாங்கியது. 2 ஜி.பி. ரேம். பாட்டரி செத்துவிட்டது. திரையில் கோடு. ஆனால், குடும்பத் தலைவரின் தொழில் கணக்கு முழுவதும் அதில்தான். இங்கே புதிது வாங்குவதே சிக்கனம். செத்த மாட்டுக்குப் புல் வாங்கி என்ன லாபம்?

பொதுவாக ஒரு விதி சொல்லலாம். ரிப்பேர்ச் செலவு, புதிய கம்ப்யூட்டர் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திக்கொள்வது நல்லது. 2025-ம் ஆண்டின் கடைசியில் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் ஏராளமாக வாங்கியதே காரணம். ஆகவே பழைய விலையை மனத்தில் வைத்துக் கணக்குப் போடாமல், இரண்டு கடைகளில் அன்றைய விலையை விசாரிப்பது அவசியம்.

பழைய கம்ப்யூட்டரைச் செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியே பளபளப்பாக இருக்கிறதே என்று மயங்கிவிடக் கூடாது. தலைமுறை எண்ணைப் பார்த்துத்தான் பணத்தை எண்ண வேண்டும்.

எதற்கும் முந்திய வேலை

மேலே சொன்ன எந்த வழியில் போனாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. படங்கள், சர்டிபிகேட்டுகள், கணக்குகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஒரு பிரதி போதாது, இரண்டு வேண்டும். ஒன்று வெளி ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். மற்றொன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். எடுத்த பிறகு அவற்றைத் திறந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

டிஸ்க் மாற்றும்போதோ, இயங்குதளம் மாற்றும்போதோ கை தவறினால் உள்ளே இருப்பவை அழிந்துவிடும். டிஸ்க் கெட்டால் கடையில் வேறு கிடைக்கும். மறைந்த தாத்தாவின் படம் எந்தக் கடையில் கிடைக்கும்?

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. "அண்ணே, இதில் இருப்பது ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? ரேம் போட இன்னொரு இடம் காலி இருக்கிறதா? எத்தனாவது தலைமுறை? கழற்றும் பழைய டிஸ்க்கை என்னிடமே கொடுத்துவிடுவீர்களா?" இப்படிக் கேட்பவரிடம் யாரும் வேண்டாத சாமானைத் தலையில் கட்ட மாட்டார்கள்.

குப்பைத் தொட்டிக்கு அல்ல

கடைசியில் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பழையதைக் குப்பையில் வீசக் கூடாது. அதில் காரீயம் போன்ற நஞ்சுகள் உண்டு. தங்கமும் தாமிரமும்கூடச் சிறிதளவு உண்டு. 2022-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையைக் குவித்தது என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறு உபயோகத்துக்கு அனுப்பியதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு நிலையத்தில் கொடுப்பதே முறை. கொடுக்கும் முன் உள்ளே இருப்பவற்றை முழுவதும் அழித்துவிட வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டால் இன்னும் பத்திரம்.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று யார் சொன்னாலும் உடனே பர்ஸைத் திறக்க வேண்டாம். எதற்காக உபயோகிக்கிறோம்? எந்த உறுப்பு சோர்ந்திருக்கிறது? அப்டேட் வருகிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தவர், வேண்டாத செலவும் செய்யமாட்டார்; வேண்டிய செலவைத் தள்ளிப்போடவும் மாட்டார்.